நாய்க்கு ஒரு மகமை

சமுத்திரத்தில் எத்தனை மரக்கால் தண்ணீர் இருக்கிறது என்று தண்டையார்பேட்டை ஆறுமுகநயினாரிடம் கேட்டால், அவர் ஒரு தடவை கண்ணை மூடித் திறப்பார். பதில் வந்துவிடும், அதுவும் அலையில் சிந்துகிற தண்ணீருக்குக் கழிவு தள்ளி. துறைமுகத்துக்குள் நுழைகிற கப்பல்கள் ஊதுவது எதற்கு? ஏற்றி வந்த சரக்குக் கணக்கு சரிதானா என்று நயினாரிடம் கேட்கத்தான். வானத்து நட்சத்திரங்களை ஒரு வெள்ளிக்கிழமை எண்ணி முடித்து, இரண்டு குறைகிறது என்று மேலே ஆள் அனுப்பியவர் அவர்.

இவ்வளவும் அவருடைய மச்சினன் மாசானம் தெருவில் பரப்பியது. இதிலும் கழிவு தள்ளிப் பார்த்தால் மிஞ்சுவது ஒரு சாதாரண மனிதர். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பதினாலு வயதில் ரயிலேறி வந்து, சொந்தக்காரர் கடையில் சாக்குத் தைத்து, அப்புறம் தராசு பிடித்து, முப்பது வயதில் தனியாக மல்லி, மிளகாய் வற்றல், துவரம்பருப்பு மூன்றுக்கும் மொத்தக் கடை வைத்தவர். கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் தும்முவார்கள், பிறகுதான் விலை கேட்பார்கள். நயினார் தும்மி யாரும் பார்த்ததில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருளையும் வாங்குகிற விலைக்கு வாங்க மாட்டார். அது சாகிற வரைக்கும் என்ன செலவு வைக்கும் என்று முழுக்கக் கணக்குப் போட்ட பிறகுதான் கையைப் பைக்குள் விடுவார். குடை வாங்கப் போனவர் அது எத்தனை மழை தாங்கும் என்று கேட்டார். கடைக்காரர் சும்மா நூறு மழை என்று சொல்லிவைத்தார். அன்றிலிருந்து தூறலுக்கு நயினார் குடையை விரிப்பதில்லை. நனைந்தபடி, குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடப்பார். தூறலில் ஒரு மழையைச் செலவழிக்க அவருக்கு மனசு வராது.

கல்யாணமான மூன்றாம் நாள், வருஷத்துக்கு எத்தனை சேலை வேண்டியிருக்கும் என்று மனைவி பூமாரியிடம் கேட்டாராம். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு நாலு என்றாள். அறுபது வயது வரைக்கும் நாலு நாலாகப் பெருக்கி, அதற்கென்று தனியாகப் பணம் எடுத்துவைத்தார். மாசானம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஆனால் கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் வியாபாரம் படுத்த வருஷமும் உண்டு, யுத்தத்தில் துணிக்குக் கூப்பன் போட்ட காலமும் உண்டு. பூமாரிக்கு ஒரு வருஷமும் நாலு சேலை மூன்றானதில்லை. இதையும் மாசானம் கவனித்திருந்தான். ஆனால் இதைத் தெருவில் சொல்லவில்லை. சொன்னால் அவன் பிழைப்பு என்ன ஆவது?

மாசானத்துக்கு அப்போது பதினேழு வயது. பள்ளிக்கூடத்தில் நாலாவது பாரத்தில் இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்து, மூன்றாம் தடவை பெஞ்சு சம்மதிக்காததால், அக்கா வீட்டுக்குப் பட்டணம் வந்து சேர்ந்தவன். கடையில் மூட்டைக்கு மார்க்குப் போடுகிற வேலை. சனிக்கிழமை தோறும் அத்தான் கையிலிருந்து நாலணா வரும். சினிமாக் கொட்டகைத் தரை டிக்கெட்டுக்கு அது சரியாக இருக்கும். அத்தானைக் கேலி செய்ய மச்சினனுக்கு ஊரே லைசென்சு கொடுத்திருக்கிறது. மாசானம் அந்த லைசென்சை ஒரு நாளும் காலாவதியாக விட்டதில்லை.

ஆடி மாசம் முதல் வாரம். நயினார் புது மல்லி வந்தால் சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்ப்பார். மாசானம் ஒரு மல்லிச் சாக்கைப் பாதி காலி செய்து, அதற்குள் ஒரு நாய்க்குட்டியை வைத்து, வாயை லேசாக மடித்துவிட்டான். காத்திவாக்கத்திலிருந்து மீன் கூடையோடு வருகிற அடைக்கலமேரியிடம் ஒரு நாளைக்கு என்று இரவல் வாங்கிய குட்டி அது.

நயினார் கையை விட்டார். அவர் முகம் மாறியது. கையை வெளியே எடுத்து, ஈரமான விரல்களைப் பார்த்து, "சரக்கு நனைஞ்சிருக்கே" என்றார். மறுபடியும் கையை விட்டார். இந்தத் தடவை சாக்கு தும்மியது.

மூட்டை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரி லட்சுமணன் முதுகுச் சுமையோடு நின்று சிரித்ததில் ஒரு மூட்டைப் பருப்பு கீழே விழுந்தது. விளையாட்டு அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் அடைக்கலமேரி குட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டாள்.

"மாட்ட வாடகைக்கு வுட்டா திருப்பி ஓட்டினு போவாங்க நைனா. நாய யார்னா திருப்புவாங்களா? வூட்ல இன்னும் ஏழு கீது."

அதற்குள் பூமாரி அதற்குக் கஞ்சி ஊற்றியிருந்தாள். சாக்குக்குப் பொருத்தமாக மல்லி என்று பெயரும் வைத்துவிட்டாள். ஆண் நாய்க்கு அந்தப் பெயர் ஏற்குமா என்று யாரும் யோசிக்கவில்லை. ஆணா என்று மட்டும் நயினார் இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டார். பெட்டையாக இருந்தால் குட்டிகள் வரும், குட்டிகளுக்குக் குட்டிகள் வரும், கணக்குக்கு முடிவே இராது.

அன்று மத்தியானம் கடைக் கதவை ஒருச்சாய்த்து வைத்துவிட்டு நாயின் ஆயுசுக்குக் கணக்குப் போட உட்கார்ந்தார். மாசானமும் லட்சுமணனும் பக்கத்தில் நின்றார்கள். நாய்க்கு ஆயுசு பன்னிரண்டு வருஷம் என்று லட்சுமணன் சொன்னதை ஏற்றுக்கொண்டார். சாப்பாட்டுக்கு நாளுக்கு அரையணா. கார்ப்பரேஷன் லைசென்சு வில்லைக்கு வருஷம் இரண்டு ரூபாய் இருக்கட்டும் என்றார். கழுத்துப்பட்டை இரண்டு வருஷத்துக்கு ஒன்று. மருந்துக்கு வருஷம் ஒரு ரூபாய். தெருவில் போகிறவர்களின் வேட்டி கிழிந்தால் கொடுப்பதற்கு வருஷத்துக்கு ஒரு வேட்டி. வேட்டியோடு நிற்காமல் காலுக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று யோசித்து, ஆயுசில் மூன்று கடி, கடிக்கு எட்டு ரூபாய் வீதம் சேர்த்தார்.

மாசானம் சும்மா இராமல், கடைசிக் காலத்தில் பல் விழுந்துவிடுமே அத்தான் என்றான். கேலிக்காகத்தான் சொன்னான். நயினார் பென்சிலை நிறுத்தி, "ஆமா" என்று சொல்லி, கடைசி இரண்டு வருஷத்துக்கு நாளுக்கு ஓரணாப் பால் சேர்த்துக்கொண்டார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, குழி வெட்டுகிற கூலியும் ஒரு முழம் பூவும் என்று ஒரு ரூபாய். கூட்டிப் பார்த்தால், அணா பைசா ஒட்டாமல் இருநூற்று எண்பத்து நாலு ரூபாய்.

அவ்வளவு சுத்தமாகக் கணக்கு வந்ததில் அவருக்கே ஒரு பெருமை. தொகையைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"பூனை வளக்கலாம்லா" என்றார் பூமாரியிடம். அவள் அடுப்பங்கரையிலிருந்து பதில் சொல்லவில்லை, பாத்திரங்கள் சொல்லின.

அப்போதுதான் நயினார் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர்கள் பக்கத்து வியாபாரிகளிடம் மகமை என்று ஒன்று உண்டு. கடையில் இறங்குகிற ஒவ்வொரு மூட்டைக்கும் சிறு காசு ஒன்றைத் தனியே போட்டுவைத்து, பொதுக் காரியத்துக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கோயிலுக்கு என்று சங்கத்தில் கட்டுவார்கள். யாரும் அதில் கைவைக்க மாட்டார்கள். யாரும் அதை ஏமாற்றவும் மாட்டார்கள். அதேபோல நாய்க்கும் ஒரு மகமை என்றார் நயினார். சங்கத்து மகமை அதன் பாட்டுக்கு இருக்கும். நாய்க்கென்று, இறங்குகிற மூட்டைக்கு ஒரு காலணா, அவர் கையாலேயே, ஒரு மண் உண்டியலில். பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு வருஷத்துக்கான இருபத்து மூன்று ரூபாய் பத்தணா எட்டுப் பைசா, போகிப் பண்டிகைக்குள் சேர்ந்துவிட்டால், இந்தக் கடைக்கு ஒரு நாயைத் தாங்குகிற சக்தி உண்டு என்று அர்த்தம். மல்லி சாகிற வரைக்கும் இங்கேதான். சேராவிட்டால் எண்ணூரில் ஒரு உப்பளத்துக்காரர் காவலுக்கு நாய் கேட்டுக்கொண்டிருப்பதாக அடைக்கலமேரி சொன்னாளே, அங்கே.

பூமாரி தன் சேலைப் பணத்திலிருந்து போடட்டுமா என்று கேட்டாள். அவர் கூடாது என்று தலையை ஆட்டிவிட்டார். தர்மக் காசு வேறு, மகமை வேறு. வியாபாரத்திலிருந்து வராத காசு உண்டியலுக்குள் விழக் கூடாது.

மல்லி வளர்ந்தது. மூட்டை ஏறி உட்கார்ந்து வருகிறவர்களை எடை போடுகிற மாதிரி பார்த்தது. எலிகளை விரட்டியது, மிளகாய் மூட்டைப் பக்கம் போனால் மட்டும் எலியும் அதுவும் சேர்ந்து தும்மின. மாசானம் அதற்கு நயினார் வருகிற சத்தம் கேட்டால் எழுந்து நிற்கக் கற்றுக்கொடுத்தான். கடைச் சிப்பந்தி ஒருவன் கூடுதல் என்று நயினார் முணுமுணுத்தார்; ஆனால் உட்காருவதற்கு முன் அதைப் பார்த்துத் தலையசைக்க ஆரம்பித்தார்.

புரட்டாசி கடைசியில் மாசானம் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டான். (மாசானத்தின் மனசுக்குள் ஓடியது எப்படித் தெரியும் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் கிடையாது.) வாரத்துக்குச் சுமாராக ஐம்பது மூட்டை இறங்குகிறது. மழை வந்தால் அதுவும் குறையும். இப்படியே போனால் போகிக்கு இருபது ரூபாய் தேறலாம். மூன்று ரூபாய்க்கு மேல் துண்டு விழும். அவன் பள்ளிக்கூடத்தில் போட்ட எந்தக் கணக்கும் இவ்வளவு சரியாக வந்ததில்லை. சரியாக வந்த ஒன்றும் நாயை அனுப்புகிற கணக்காக இருந்தது. எண்ணூர் உப்பளத்தை அவன் பார்த்திருக்கிறான். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. நாயைக் கம்பத்தில் கட்டிப்போட்டிருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை நாலணா வாங்கிக்கொண்டு, காலணாவாகப் பதினாறு காசு மாற்றி, யாரும் இல்லாத நேரத்தில் உண்டியலில் போட்டான். கொட்டகைக்குப் போகிறேன் என்று கிளம்பி, கொட்டகையின் தகரச் சுவருக்கு வெளியே மல்லியோடு உட்கார்ந்துகொண்டான். பாட்டு வெளியிலும் கேட்கும். சண்டை வந்தால் சத்தம் கேட்கும். மற்றதை அவனே பார்த்துக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்கு முழுக் கதையும் சொன்னான்.

அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. வாரா வாரம் படம் மாறியது. அவன் கதையும் மாறியது. பூமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்பாள். இந்தப் படக்காரர்களுக்கு எப்படித்தான் இதெல்லாம் தோன்றுகிறதோ என்பாள். நயினார் சுவரோரம் சாய்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருப்பார். கதையைக் கேட்கிறாரா இல்லையா என்று தெரியாது.

போகி வந்தது. காலையில் பழைய பாய்களை எரித்த புகை அடங்குவதற்கு முன் நயினார் உண்டியலைக் கடை நடுவில் வைத்து உடைத்தார். பூமாரி வந்து நின்றாள். லட்சுமணன் நின்றான். மாசானம் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். காலணாக்களை அடுக்கி அடுக்கி எண்ணினார் நயினார். இருபத்து மூன்று ரூபாய் பதின்மூன்றணா. வேண்டியதற்கு மேலேயே இரண்டணாச் சில்லறை.

பூமாரி சிரித்துவிட்டாள். மாசானம் நாயின் காதைப் பிடித்து இழுத்தான். நயினார் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

மாசானம் ஒன்றை மறந்துவிட்டான். அத்தானுக்கு மகமை என்பது காசு அல்ல, அது மூட்டை. காலணா ஒன்று என்றால் மூட்டை ஒன்று. ஆடியிலிருந்து கடையில் இறங்கியது ஆயிரத்து முந்நூறு மூட்டை. உண்டியலில் இருந்தது ஆயிரத்து ஐந்நூற்று இருபத்து நாலு மூட்டை. இருநூற்று இருபத்து நாலு மூட்டை, அவருக்குத் தெரியாமல் கடைக்குள் வந்து, அவருக்குத் தெரியாமல் வெளியேயும் போயிருக்கிறது. எவனோ திருடன், ஆனால் மகமையை ஏமாற்றப் பயந்து மூட்டைக்குக் காலணாவை மட்டும் ஒழுங்காகப் போட்டுவிட்டான்.

கடையே தலைகீழானது. சரக்கு வைக்கிற கிட்டங்கியில் அடுக்கியிருந்த அத்தனை மூட்டையையும் இறக்கச் சொன்னார். எண்ணினார். மறுபடி அடுக்கச் சொன்னார். வண்டிக்காரர்களைக் கூப்பிட்டு விசாரித்தார். போகியன்று வேலைக்கு வந்த ஆட்கள் மிளகாய் நெடியில் தும்மித் தும்மி ஓய்ந்தார்கள். சாயங்காலம், கிட்டங்கிச் சாவி உன்னிடம்தானே இருந்தது என்று நயினார் லட்சுமணனைக் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். லட்சுமணன் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தராசுத் தட்டில் போட்டான்.

"பணம் கொறஞ்சா திருட்டும்பாங்க, கேட்டுகீறேன். கூடுனாலும் திருட்டா மொதலாளி? பதினோரு வருசமா தூக்கிகினு கீறேன். வேற ஆளப் பாத்துக்க."

இதற்கு மேல் மாசானத்தால் நிற்க முடியவில்லை. கூடுதல் காசு தான் போட்டது என்றான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். பூமாரி பார்த்த பார்வையில் ஈரம் இருந்தது. அதைக் கண்டதும் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. உடனே, சும்மா விளையாட்டுக்கு என்று சேர்த்துக்கொண்டான். அத்தான் கணக்குத் தடுமாறினால் எப்படி இருக்கும் என்று பார்க்க, கடற்கரையில் கிடந்த ஒரு பொட்டலம் காசைக் கொண்டுவந்து கொட்டியதாகச் சொன்னான். சொல்லும்போதே பல்லையும் காட்டினான்.

நயினார் தராசுத் தட்டிலிருந்த துண்டைத் தானே எடுத்து, உதறி, லட்சுமணன் தோளில் போட்டார். அவன் கையைப் பிடித்து அழுத்தினார். அப்புறம், கடற்கரையில் கிடந்த காசு மகமை ஆகாது என்று சொல்லிவிட்டார். அதைக் கழித்தால் இருபது ரூபாய் ஐந்தணா. கணக்கு சேரவில்லை. காணும் பொங்கலுக்கு மறுநாள் உப்பளத்து ஆள் வந்து நாயைக் கூட்டிப் போகலாம்.

பொங்கலன்று மாசானம் கரும்பைத் தொடவில்லை. கரும்பு பிடிக்காது என்றான். உண்மையைச் சொன்னால் நாய் தங்குமா என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் தெருவில் அவன் தங்க முடியாது. நாய்க்காக சினிமாவை விட்டவன் என்று பெயர் வந்துவிட்டால் அப்புறம் எவனை அவன் கேலி செய்ய முடியும்?

மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் நயினார் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தை மாசத்தில் குடை எதற்கு என்று பூமாரி கேட்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். திரும்பி வந்தபோது வேட்டி முழுக்க மணல், சட்டையில் பீடி நாற்றம். சங்கத்தில் கூட்டம் அதிகம்போல என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

காணும் பொங்கலன்று சாப்பிட்டு முடிந்து எல்லாரும் முற்றத்தில் இருந்தார்கள். பொங்கல்படி வாங்க வந்த லட்சுமணனும் இருந்தான். நயினார் பாக்கு வெட்டியை எடுத்துக்கொண்டு, போன சனிக்கிழமை பார்த்த படத்தின் கதையை இன்னொரு தடவை சொல்லு, லட்சுமணனும் கேட்கட்டும் என்றார்.

மாசானத்துக்கு அது ஆறுதலாக இருந்தது. எழுந்து நின்று சொன்னான். ஏழை மீனவப் பெண், பணக்கார வீட்டுப் பையன், புயல். படகு கவிழ்ந்து பெண் கடலோடு போகிறாள். பையன் கரையில் பைத்தியமாகி அலைகிறான். பைத்தியம் அலைகிற இடத்தில் மாசானம் வேட்டியை அவிழ்த்துத் தலையில் சுற்றிக்கொண்டு அரை டிராயரோடு முற்றத்தைச் சுற்றி வந்தான். மல்லியும் பின்னாலேயே சுற்றியது. பூமாரி இரண்டாம் தடவையும் அழுதாள். "பாவம் அந்தப் பொண்ணு" என்றான் லட்சுமணன்.

"அவ சாகலியே" என்றார் நயினார்.

மாசானம் நின்றான்.

"படகே கெடையாது. கடலே இல்ல. வக்கீல் வீட்டுப் பொண்ணு. கடைசியில கல்யாணம் முடிஞ்சு மோட்டார்ல போகுதா, ரெண்டு பாட்டுப் பாடுதா."

பூமாரி வாயில் கைவைத்தாள். "நீங்க கொட்டகைக்குப் போனியளா?"

பொங்கலுக்கு ஊரில் எல்லாக் கொட்டகையிலும் படம் மாறிற்று. தண்டையார்பேட்டைக் கொட்டகைக்கு மட்டும் புதுப் படத்துப் பெட்டி வந்து சேராமல், போன வாரத்துப் படமே ஓடியதாம். ஆயுசில் முதல் தடவையாக நயினார் நாலணா கொடுத்துத் தரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். கூரை ஒழுகினால் பாதுகாப்புக்குக் குடை.

"இருநூத்தி இருபத்தி நால பதினாறால வகுத்தேன்" என்றார். "பதினாலு வந்துச்சு, மிச்சமில்லாம. கடக்கரையில கெடக்குத காசு அப்படி வராதுலே."

மாசானம் தலையில் சுற்றிய வேட்டியை அவிழ்ப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றான்.

நயினார் ஒரு பாக்கை வெட்டி லட்சுமணனிடம் நீட்டிவிட்டு, தர்மமாகப் போட்டால்தான் சேராது, கூட்டு வியாபாரத்துக்கு முதல் போட்டால் சேரும் என்றார். நாயில் இனிமேல் ஏழில் ஒரு பங்கு மாசானத்துக்கு. வாலும் வாலை ஒட்டினதும் அவனுடையது. குளிப்பாட்டுகிறது, உண்ணி எடுக்கிறது அவன் பொறுப்பு. குரைப்பும் காவலும் கடைக்கு. நாளைக்கு உப்பளத்து ஆள் வந்தால் மோர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

"அப்ப நாய் இங்கதான் கீதா மொதலாளி" என்று லட்சுமணன் ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொண்டான். பூமாரி எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுப்பங்கரையில் இந்தத் தடவை பாத்திரங்கள் வேறு மாதிரி சத்தம் போட்டன.

மாசானத்துக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் பழைய குணமும் வந்தது. வேட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டே, எனக்கு எதற்கு அத்தான் நாயும் வாலும், நான் விளையாட்டுக்குத்தான் போட்டேன் என்று தோளைக் குலுக்கினான்.

நயினார் பாக்கு வெட்டியை மடக்கினார்.

"விளையாட்டுக்குப் போடுதவன் ஒரு வாரம் போடுவான் மாப்ள. பதினாலு வாரம் போட மாட்டான்."